ஸ்ட்ரையேட்டத்துக்குள்ள எது எங்க இருக்கு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நியூரோஅனாடமி படிக்கிறவங்களுக்கு டவுட் சொல்லித் தர்றப்ப மூளைக்குள்ள ஆழத்துல இருக்கிற ஸ்ட்ரையேட்டம்ங்கற பகுதி வந்தாலே அதே கேள்விங்கதான் திரும்பத் திரும்ப வருது. எம்பிபிஎஸ் முதல் வருஷம், பிசியோ, சைக்காலஜி, எலி வச்சு ஆராய்ச்சி பண்றவங்கன்னு யார் கேட்டாலும் மாட்டிக்கிற இடம் ஒண்ணுதான்: இந்த ஒரே திசுவுக்குள்ள மூணு விதமான பிரிவு ஒண்ணு மேல ஒண்ணா படிஞ்சு கிடக்கு, அந்த மூணையும் ஒண்ணுன்னு நெனச்சுக்கறாங்க. கேட்டவங்க கேட்ட மாதிரியே கேள்விய போட்டிருக்கேன். முடிஞ்சா வரிசையா படிங்க, பின்னாடி வர்ற பதில் முன்னாடி சொன்னத வச்சுதான் போகும்.

ஸ்ட்ரையேட்டம், பேசல் கேங்லியா ரெண்டும் ஒண்ணுதானே?

இல்ல. பேசல் கேங்லியாங்கறது மூளைக்குள்ள ஆழத்துல இருக்கிற நரம்பு செல் கூட்டங்களோட மொத்தக் குழு. அதுல ஸ்ட்ரையேட்டம், குளோபஸ் பேலிடஸ், சப்தாலமிக் நியூக்ளியஸ், சப்ஸ்டான்ஷியா நைக்ரா எல்லாம் வரும். அந்தக் குழுவுலயே பெருசு ஸ்ட்ரையேட்டம்தான், கார்டெக்ஸ்ல (மூளையோட வெளி அடுக்கு) இருந்து பேசல் கேங்லியாவுக்கு வர்ற தகவல்ல பெரும்பங்கு முதல்ல வந்து இறங்கறதும் இங்கதான்.

ஸ்ட்ரையேட்டத்துக்குள்ள காடேட், புட்டாமென், நியூக்ளியஸ் அக்கும்பென்ஸ் மூணும் வரும், அடிப்பக்கம் இருக்கிற ஆல்ஃபாக்டரி டியூபர்க்கிளையும் இதோட சேர்த்துக்குவாங்க. காடேட்டும் புட்டாமெனும் டார்சல் ஸ்ட்ரையேட்டம், மத்தது வென்ட்ரல் ஸ்ட்ரையேட்டம். இந்த மேல் கீழ் பிரிவுதான் நான் சொன்ன மூணுல முதல் பிரிவு, நினைவுல வச்சுக்கங்க.

காடேட்டும் புட்டாமெனும் ஒரே திசுன்னா ஏன் தனித்தனியா இருக்கு?

கார்டெக்ஸ்ல இருந்து கீழ போற, கீழ இருந்து மேல வர்ற நரம்பிழைங்க எல்லாம் இன்டர்னல் கேப்சூல்னு ஒரு பெரிய வெள்ளைக் கத்தையா நடுவுல ஊடுருவிப் போகுது, அதனால ஒரே திசு ரெண்டா பிரிஞ்ச மாதிரி ஆயிடுது. ஆனா முழுசா பிரியல. அந்த வெள்ளைக் கத்தைக்கு குறுக்கால சாம்பல் நிறப் பாலங்கள் ரெண்டையும் தொட்டுக்கிட்டே இருக்கும், வெட்டிப் பார்த்தா கோடு கோடா தெரியறது அதனாலதான். 1664லயே தாமஸ் வில்லிஸ் தன்னோட மூளை அனாடமி நூல்ல இந்தக் கோடுகளை விவரிச்சு எழுதியிருக்கார்.

எலி, சுண்டெலி மூளையில இந்தப் பிரிவே கிடையாது. அங்க இழைங்க ஒரே கத்தையா போகாம நூத்துக்கணக்கான சின்னச் சின்ன கட்டுகளா ஸ்ட்ரையேட்டத்த துளைச்சுக்கிட்டு போகும், அதனால காடேட்டும் புட்டாமெனும் சேர்ந்து காடோபுட்டாமென்னு ஒரே உருண்டையா இருக்கும். எலி மூளை ஸ்லைடுல வட்ட வட்டமா வெள்ளைப் புள்ளி தெரியறத ஸ்ட்ரையோசோம்னு பசங்க குறிச்சுட்டு வருவாங்க. அது ஸ்ட்ரையோசோம் இல்ல, இந்த இழைக் கட்டுதான். ஸ்ட்ரையோசோம் பத்தி கீழ தனியா வருது.

எம்ஆர்ஐ படத்துல இத எப்படி அடையாளம் கண்டுபிடிக்கறது?

ஆக்சியல் படத்துல (மூளைய கிடைமட்டமா வெட்டின மாதிரி) லேட்டரல் வென்ட்ரிக்கிளோட (திரவம் நிறைஞ்ச அறை) முன் கொம்ப முதல்ல பாருங்க. அதோட வெளிச்சுவருல உள்பக்கமா புடைச்சுக்கிட்டு நிக்கறது காடேட்டோட தலை. அதுக்கு வெளியில ஒரு வெள்ளைப் பட்டை, அது இன்டர்னல் கேப்சூலோட முன்பகுதி. அதையும் தாண்டினா புட்டாமென், புட்டாமெனுக்கு உள்பக்கம் ஒட்டிக்கிட்டு கொஞ்சம் வேற நிறத்துல குளோபஸ் பேலிடஸ்.

காடேட் தலையோட முடிஞ்சுடாது. வென்ட்ரிக்கிள் போற வழியிலயே உடல், வால்னு மெலிஞ்சுக்கிட்டே போய் பின்னால வளைஞ்சு டெம்போரல் லோபுக்குள்ள இறங்கி அமிக்டலா கிட்ட வந்து முடியும். அதனால ஒரே படத்துல சில சமயம் காடேட் ரெண்டு இடத்துல வெட்டுப்படும், மேல பெருசா, கீழ ஒரு சின்ன பொட்டு மாதிரி. அந்தப் பொட்ட விட்டுட்டுப் போறவங்கதான் அதிகம்.

குளோபஸ் பேலிடஸ் புட்டாமெனோட ஒட்டிக்கிட்டுதானே இருக்கு, அதையும் ஏன் ஸ்ட்ரையேட்டத்துல சேர்க்கல?

பழைய புத்தகங்கள்ல கார்பஸ் ஸ்ட்ரையேட்டம்னு சொன்னா அதையும் சேர்த்துதான் சொல்லுவாங்க, புட்டாமெனையும் பேலிடஸையும் சேர்த்து லென்டிஃபார்ம் நியூக்ளியஸ்னு இன்னைக்கும் சொல்றோம். ஆனா அது வெளி உருவத்த மட்டும் வச்சு வச்ச பேரு. செல்லு வேற, பிறப்பு வேற. கருவுல ஸ்ட்ரையேட்டத்தோட முக்கிய நியூரான்கள் லேட்டரல் கேங்லியானிக் எமினன்ஸ்ங்கற மேட்டுல பிறக்குது, பேலிடஸ் செல்லுங்க பெரும்பாலும் பக்கத்துல இருக்கிற மீடியல் எமினன்ஸ்ல. ஸ்ட்ரையேட்டம் நியூரான் பெரும்பாலான நேரம் சும்மா இருக்கும், பேலிடஸ் நியூரான் ஓயாம சிக்னல் அனுப்பிக்கிட்டே இருக்கும். இவ்வளவு வித்தியாசம் இருக்கறப்ப ஒட்டிக்கிட்டு இருக்குங்கறதுக்காக ஒரே கணக்குல சேர்க்க முடியாது.

அக்கும்பென்ஸ்தான் மூளையோட சந்தோஷ மையமாமே?

இந்தப் பேச்சு எனக்குப் பிடிக்கறதில்ல, சொல்லித் தர்றவங்களே இப்படி சொல்லும்போது வருத்தமா இருக்கு. அக்கும்பென்ஸ்ங்கறது ஸ்ட்ரையேட்டத்தோட முன்பக்க அடிப்பகுதி, காடேட் தலையும் புட்டாமெனும் இன்டர்னல் கேப்சூலுக்குக் கீழ ஒண்ணா சேர்ற இடம். மேல இருக்கிற அதே வகை நியூரான்தான் இங்கயும். என்ன வித்தியாசம்னா இதுக்கு வர்ற தகவல் ஹிப்போகேம்பஸ், அமிக்டலா, ப்ரீஃப்ரான்டல் கார்டெக்ஸ்ல இருந்து வருது, டோபமின்ங்கற ரசாயனம் பெரும்பாலும் நடுமூளையில இருக்கிற விடிஏ (வென்ட்ரல் டெக்மென்டல் ஏரியா) பகுதியில இருந்து வருது. ஒரு பொருள் தேடிப் போக வேண்டியதா, அதுக்கு எவ்வளவு மெனக்கெடலாம்னு முடிவாகறதுல இதுக்கு பங்கு உண்டு, வலி, பயம் சம்பந்தப்பட்ட விஷயத்துலயும் இது வேலை செய்யுது.

இதுக்குள்ளயே கோர், ஷெல்னு ரெண்டு பகுதி. கோர் மேல இருக்கிற டார்சல் ஸ்ட்ரையேட்டம் மாதிரியே நடந்துக்கும், ஷெல் கொஞ்சம் தனி, அது லேட்டரல் ஹைப்போதாலமஸுக்கு எல்லாம் நேரா இழை அனுப்புது. எலியில கால்பின்டின்ங்கற புரதத்துக்கு சாயம் போட்டா இந்த எல்லை தெளிவா தெரியும், மனுஷ மூளையில அவ்வளவு தெளிவு இருக்காது.

மைக்ராஸ்கோப்புல பார்த்தா எல்லா இடமும் ஒரே மாதிரி இருக்கே, கார்டெக்ஸ் மாதிரி லேயர் எங்க?

லேயர் கிடையாது. சாதாரண நிஸில் சாயத்துல பார்த்தா இந்த மூலையில இருந்து அந்த மூலை வரைக்கும் நடுத்தர சைஸ் செல்லுங்க ஒரே சீரா தூவின மாதிரி இருக்கும், அங்கங்க ஒரு பெரிய செல்லு. ரொம்ப காலம் இதுக்குள்ள பெருசா ஒழுங்கு ஒண்ணும் இல்லன்னு நெனச்சதுக்கு இதுதான் காரணம். ஒழுங்கு இருக்கு, ஆனா அது செல்லோட உருவத்துல இல்ல. எந்த ரசாயனம் வச்சிருக்கு, எங்க இருந்து தகவல் வாங்குது, எங்க அனுப்புதுங்கறதுல இருக்கு. அதுக்கேத்த சாயமோ, இழை போற வழிய காட்டற ட்ரேஸரோ போட்டாதான் கண்ணுக்குத் தெரியும்.

95 சதவீதம் ஒரே வகை நியூரான்னு சொல்றாங்க, அப்ப மிச்சம் 5 எதுக்கு?

அந்த 95 எலி, சுண்டெலி கணக்கு, குரங்குலயும் மனுஷன்லயும் மிச்ச வகைகளோட பங்கு இன்னும் கூடுதல். எலியில ஒரு பக்க ஸ்ட்ரையேட்டத்துல சுமார் 28 லட்சம் நியூரான் இருக்கு, அதுல பெரும்பான்மை மீடியம் ஸ்பைனி நியூரான். டென்ட்ரைட் (தகவல் வாங்கற கிளை) முழுக்க நெருக்கமா ஸ்பைன்ங்கற சின்னச் சின்ன முள்ளு முளைச்சிருக்கும், காபாங்கற தடுக்கற ரசாயனத்த வெளியிடும், ஸ்ட்ரையேட்டத்த விட்டு வெளிய தகவல் கொண்டு போறது இதுதான்.

மிச்சம் இருக்கறது எல்லாம் இன்டர்நியூரான், இவங்க ஸ்ட்ரையேட்டத்துக்குள்ளயே பேசிக்குவாங்க. இதுல அசெட்டைல்கோலின் வெளியிடற பெரிய செல்லுங்கள மட்டும் கொஞ்சம் நின்னு பார்க்கணும். மொத்தத்துல 1, 2 சதவீதம்தான், ஆனா ஒவ்வொண்ணோட ஆக்சானும் (தகவல் அனுப்பற இழை) அவ்வளவு அடர்த்தியா கிளைச்சு பரவுறதால மூளையிலயே அசெட்டைல்கோலின் அதிகமா இருக்கிற இடங்கள்ல ஸ்ட்ரையேட்டமும் ஒண்ணு. சும்மா இருக்கறப்பவும் சீரா துடிச்சுக்கிட்டே இருக்கும், பரிசு வரப்போகுதுன்னு பழகின ஒரு சத்தம் கேட்டா குரங்குல இந்த செல்லுங்க கொஞ்ச நேரம் சட்டுன்னு அமைதியாயிடும். கத்துக்கறதுல அந்த அமைதிக்கு முக்கிய பங்கு இருக்குன்னு பார்க்கறாங்க. பார்வால்புமின் வகை, சோமேட்டோஸ்டேட்டின் வகைன்னு இன்னும் இருக்கு, அதுல பார்வால்புமின் செல்லுங்க ஸ்பைனி நியூரான வேகமா அடக்கும்.

ஒரு ஸ்பைனி நியூரானுக்கு எங்க இருந்தெல்லாம் தகவல் வருது?

முக்கியமா மூணு இடம். கார்டெக்ஸ், தாலமஸ் (கார்டெக்ஸுக்கு தகவல் கடத்தற நடு நிலையம்) ரெண்டுல இருந்தும் க்ளூட்டமேட்ங்கற தூண்டற ரசாயனம் வருது, சப்ஸ்டான்ஷியா நைக்ராவுல இருந்தும் விடிஏவுல இருந்தும் டோபமின் வருது. தாலமஸ் பங்க பாடத்துல ஒரு வரியில தாண்டிப் போயிடறாங்க, அது சின்ன பங்கு இல்ல.

எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்புல பார்த்தா இடம் ஒதுக்கியிருக்கிற விதம் அழகா இருக்கும். கார்டெக்ஸ் இழை ஸ்பைனோட தலையில உட்காருது, தாலமஸ் இழை சிலது ஸ்பைன்லயும் சிலது டென்ட்ரைட் தண்டுலயும், டோபமின் இழை பல இடத்துல அதே ஸ்பைனோட கழுத்துல உட்காருது. அதாவது கார்டெக்ஸ் சொல்ற சேதி உள்ள இறங்கற வழியிலயே டோபமின் நிக்குது, எந்த இணைப்ப பலப்படுத்தறது, எத விடறதுங்கறதுல அதுக்கு கை இருக்கு. எலியில ஒரே ஒரு டோபமின் செல்லோட ஆக்சான ஸ்ட்ரையேட்டத்துக்குள்ள முழுசா அளந்து 2009ல போட்டாங்க, எல்லாக் கிளையும் சேர்த்தா சராசரியா 45 சென்டிமீட்டருக்கு மேல வருது. எலியோட உடம்ப விட நீளம், அதுவும் ஒரே செல்லுக்கு.

டைரக்ட் பாதை, இன்டைரக்ட் பாதைன்னா என்ன? சிம்பிளா சொல்லுங்க

இதுதான் ரெண்டாவது பிரிவு. ஸ்பைனி நியூரான்கள்ல கிட்டத்தட்ட பாதி டி1 டோபமின் ரிசப்டர் வச்சிருக்கும், கூடவே டைனார்ஃபின், சப்ஸ்டன்ஸ் பி இருக்கும். இது குளோபஸ் பேலிடஸோட உள்பகுதிக்கும் சப்ஸ்டான்ஷியா நைக்ராவோட ரெட்டிகுலேட்டா பகுதிக்கும் நேரா போகும், அதனால டைரக்ட். இன்னொரு பாதி டி2 ரிசப்டர், கூட என்கெஃபலின். இது பேலிடஸோட வெளிப்பகுதிக்குப் போய், அங்க இருந்து நேராவும் சப்தாலமிக் நியூக்ளியஸ் வழியாவும் சுத்தி அதே இடத்துக்கு வரும், அதனால இன்டைரக்ட். 1989ல ஆல்பின், யங், பென்னி மூணு பேரும், 1990ல டிலாங்கும் முன்வச்ச மாடல் இது.

காபா தடுக்கற ரசாயனம்தானே, தடுக்கற செல்லு எப்படி அசைவ கொண்டு வரும்?

நல்ல கேள்வி. வெளிய போற கடைசி இடமான உள் பேலிடஸும் ரெட்டிகுலேட்டாவும் ஓயாம காபா ஊத்தி தாலமஸயும் கண்ண திருப்பற சுப்பீரியர் காலிகுலஸயும் அடக்கியே வச்சிருக்கு. டைரக்ட் பாதை செல்லு அந்த அடக்கறவன அடக்குது. ரெண்டு தடுப்பு சேர்ந்தா விடுதலை.

1983ல ஹிகோசாகாவும் வுர்ட்ஸும் குரங்குகளோட கண் அசைவ வச்சு இதோட நடுப்பகுதிய காட்டினாங்க. குரங்கு ஒரு புள்ளியப் பார்க்க கண்ண வெடுக்குன்னு திருப்பறதுக்கு சற்று முன்னாடி ரெட்டிகுலேட்டா செல்லு தன்னோட ஓயாத துடிப்ப நிறுத்துது, அந்த இடைவெளியில காலிகுலஸ் செல்லு படபடன்னு துடிக்குது, கண் திரும்புது. காடேட் செல்லுங்க இதுக்கு மேல்படியில இருக்கு.

அப்ப டைரக்ட்னா நடக்க வைக்கும், இன்டைரக்ட்னா நிறுத்தும், அவ்ளோதானே?

பரீட்சைக்கு அவ்ளோ போதும், மூளைக்கு போதாது. 2010ல சுண்டெலியில ஒளி வச்சு டி2 செல்லுங்கள மட்டும் தூண்டினப்ப எலி உறைஞ்சு நின்னுச்சு, டி1 தூண்டினப்ப அதிகமா ஓடுச்சு, அதனால மாடல் சரின்னு தோணும். ஆனா 2013ல யாரும் தூண்டாம இயல்பா எலி ஒரு செயல ஆரம்பிக்கறப்ப ரெண்டு வகை செல்லோட செயல்பாடும் சேர்ந்தே ஏறுறத பார்த்தாங்க. வேண்டிய அசைவ டைரக்ட் திறந்துவிட, அதே நேரம் வேண்டாத அசைவுகள இன்டைரக்ட் அடக்குதுன்னு ஒரு விளக்கம் இருக்கு.

அனாடமியும் அவ்வளவு சுத்தமா பிரியல. டைரக்ட் பாதை ஆக்சான்கள் பலது போற வழியில வெளிப் பேலிடஸுக்கும் கிளை விட்டுட்டுதான் போகுது. சில செல்லுங்க டி1, டி2 ரெண்டையும் வச்சிருக்கு, அக்கும்பென்ஸ் ஷெல்ல இது கூடுதல். அக்கும்பென்ஸ்ல டி1 செல்லுங்க வென்ட்ரல் பேலிடத்துக்கும் போறதால அங்க டி1னா டைரக்ட்னு கண்ண மூடிக்கிட்டு எழுத முடியாது.

ஸ்ட்ரையோசோம், மேட்ரிக்ஸ்னு சொல்றாங்களே, அது என்ன?

மூணாவது பிரிவு, எனக்கு ரொம்பப் பிடிச்சதும் இதுதான். 1976ல பெர்ட், குஹார், ஸ்னைடர் எலி மூளையில ஓபியாய்டு ரிசப்டர் எங்க இருக்குன்னு பார்த்தப்ப ஸ்ட்ரையேட்டத்துல மட்டும் திட்டுத் திட்டா வந்துச்சு. 1978ல ஆன் கிரேபியலும் ராக்ஸ்டேலும் மனுஷன், குரங்கு, பூனை மூளைங்கள்ல அசெட்டைல்கோலினெஸ்டரேஸ்ங்கற என்சைமுக்கு சாயம் போட்டு கருப்பான பின்னணியில வெளிறின திட்டுங்க இருக்கறத காட்டினாங்க. அந்த வெளிறின திட்டுதான் ஸ்ட்ரையோசோம், எலி ஆட்கள் பேட்ச்னு சொல்லுவாங்க. சுத்தி இருக்கற மிச்சம் எல்லாம் மேட்ரிக்ஸ். மியூ ஓபியாய்டு ரிசப்டர் ஸ்ட்ரையோசோம்ல தூக்கல், கால்பின்டின் மேட்ரிக்ஸ்ல தூக்கல். கனஅளவுல ஸ்ட்ரையோசோம் 10, 15 சதவீதம் வரும்.

ஸ்லைடுல தனித்தனித் தீவா தெரியும், ஆனா தீவு இல்ல. மண்ணுக்குள்ள கிளை கிளையா கிடக்கிற இஞ்சிக் கிழங்க மண்ணோட சேர்த்து குறுக்க வெட்டினா தனித்தனி வட்டமாதானே தெரியும், அந்த மாதிரி முப்பரிமாணத்துல இது ஒண்ணோட ஒண்ணு இணைஞ்ச கிளை அமைப்பு. கருவுலயே பிரிஞ்சுடுது, ஸ்ட்ரையோசோம் நியூரான் முதல்ல பிறக்கும், மேட்ரிக்ஸ் நியூரான் அப்புறம் பிறக்கும். தகவலும் வேற வேற: உணர்ச்சி, மதிப்பு சம்பந்தப்பட்ட கார்டெக்ஸ் பகுதிகள் ஸ்ட்ரையோசோமுக்கு அதிகமா அனுப்புது, தொடுதல், அசைவு சம்பந்தப்பட்டது மேட்ரிக்ஸுக்கு. ஸ்ட்ரையோசோம் செல்லுங்க டோபமின் செல்லுங்களுக்கே நேரா இழை அனுப்புது, அதாவது தனக்கு டோபமின் அனுப்பறவங்களோட அளவ இதால மாத்த முடியும்.

அப்ப டி1 எல்லாம் ஸ்ட்ரையோசோம்ல, டி2 எல்லாம் மேட்ரிக்ஸ்ல, சரியா?

தப்பு. இந்தப் பக்கமே இந்த ஒரு கேள்விக்காகத்தான் எழுத ஆரம்பிச்சேன். ஸ்ட்ரையோசோம்லயும் டி1, டி2 ரெண்டும் இருக்கு, மேட்ரிக்ஸ்லயும் ரெண்டும் இருக்கு. டி1ம் டி2வும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு கலந்து பக்கத்துல பக்கத்துல உட்கார்ந்திருக்கு, அது இடத்த வச்சு பிரியல, எங்க போகுதுங்கறத வச்சு பிரியுது. ஸ்ட்ரையோசோம், மேட்ரிக்ஸ் நிஜமாவே இடத்த வச்சு பிரியுது. மேல சொன்ன டார்சல், வென்ட்ரல் பிரிவு இந்த ரெண்டுக்கும் சம்பந்தமில்லாத தனிக் கணக்கு, அதுல கூர்மையான எல்லைக் கோடே இல்ல, மெல்ல மெல்ல மாறும்.

அதனால ஒரு நியூரான காட்டி இது யாருன்னு கேட்டா மூணு பதிலும் சொல்லணும்: புட்டாமென்ல, மேட்ரிக்ஸ்ல இருக்கிற டி2 செல்லுன்னு. ஒண்ணு தெரிஞ்சா மத்த ரெண்டும் தானா தெரிஞ்சுடாது.

கார்டெக்ஸ்ல இருந்து வர்ற லூப் அஞ்சும் தனித்தனியா ஓடுதா?

1986ல அலெக்சாண்டர், டிலாங், ஸ்ட்ரிக் மூணு பேரும் அசைவு, கண் அசைவு, ப்ரீஃப்ரான்டல் ரெண்டு, ஆன்டீரியர் சிங்குலேட்னு அஞ்சு இணையான சுற்று சொன்னாங்க. கார்டெக்ஸ்ல கிளம்பி ஸ்ட்ரையேட்டம், பேலிடஸ், தாலமஸ் வழியா திரும்ப கார்டெக்ஸுக்கே. பெரும்பாலும் அந்தப் படம் நிக்குது. புட்டாமென்ல உடம்போட வரைபடமே இருக்கு, கால் மேல, முகம் கீழ, கை நடுவுல. ஆனா பக்கத்துப் பக்கத்து சுற்றுகள் ஓரத்துல கலக்குது. 2000ல ஹேபர் குழு குரங்குல காட்டினது, வென்ட்ரல் ஸ்ட்ரையேட்டம் தனக்கு வர்ற டோபமின் செல்லுங்கள மட்டும் தொடாம அடுத்த பகுதிக்குப் போற செல்லுங்களயும் தொடுது, அந்தப் பகுதி அதுக்கடுத்தத தொடுது, இப்படி சுருள் மாதிரி கீழ இருந்து மேல ஏறிப் போகுது. ஆசையில ஆரம்பிச்சது பழக்கமா மாறுறதுக்கு இந்த சுருள் வழியா இருக்கலாம்னு பலர் பார்க்கறாங்க.

எலி பேப்பர்ல டிஎம்எஸ், டிஎல்எஸ்னு போடறாங்க, மனுஷனுக்கு அது எது?

தோராயமா உள்பக்க டார்சோமீடியல் பகுதிக்கு (டிஎம்எஸ்) காடேட், வெளிப்பக்க டார்சோலேட்டரலுக்கு (டிஎல்எஸ்) புட்டாமென். வெளித்தோற்றத்த வச்சு இல்ல, கார்டெக்ஸோட எந்தப் பகுதி இழை அனுப்புதுங்கறத வச்சு சொல்றது. டார்சோமீடியல் கெட்டா பலன் மாறினாலும் எலி பழைய மாதிரியே லீவர அமுக்கிக்கிட்டு இருக்கும், டார்சோலேட்டரல் கெட்டா பழக்கம் உறைய மாட்டேங்குது, ரொம்ப நாள் பயிற்சிக்கு அப்புறமும் பலன பார்த்துதான் அமுக்கும். ஆனா எலியோட காடேட்னு மட்டும் எழுதாதீங்க, அது இல்ல.

பார்க்கின்சன்ல ஸ்ட்ரையேட்டம் செத்துப் போயிடுதா?

ஸ்ட்ரையேட்டம் இருக்கும், அதுக்கு வர்ற டோபமின் இழைங்கதான் போயிடும். 1960ல எஹ்ரிங்கரும் ஹார்னிகீவிச்சும் இறந்தவங்க மூளையில ஸ்ட்ரையேட்டத்துல டோபமின் குறைஞ்சிருக்கறத அளந்து காட்டினாங்க. எல்லா இடமும் சமமா குறையறதில்ல, புட்டாமெனோட பின்பகுதி முதல்ல போகும், காடேட் தலை ஓரளவு தாங்கும். டோபமின் இழைங்கள படமா காட்டற டாட் ஸ்கேன்ல நல்லா இருக்கறவங்களுக்கு ரெண்டு பக்கமும் கமா வடிவம் ஒளிரும், நோய் வந்தா வால் மங்கி முற்றுப்புள்ளி மாதிரி ஆயிடும். அந்த வால்தான் புட்டாமென்.

ஹண்டிங்டன் நோய்ல நேரெதிர், ஸ்பைனி நியூரானே சாகுது, அதுலயும் என்கெஃபலின் வச்ச இன்டைரக்ட் செல்லுங்க முதல்ல. சில இன்டர்நியூரான்கள் தப்பிச்சுக்கும். எம்ஆர்ஐ கேள்வியில வென்ட்ரிக்கிளுக்குள்ள புடைச்சு நிக்கும்னு சொன்ன காடேட் தலை மெல்ல தட்டையாகி, முத்தினா உள்வாங்கிடும். 1993ல இதோட மரபணு கண்டுபிடிச்சாச்சு. வில்சன் நோய்ல தாமிரம் சேர்ந்து குறிப்பா புட்டாமென் பாதிக்கும், சீக்கிரம் கண்டுபிடிச்சா மருந்து இருக்கு, அதனால சின்ன வயசுல கை நடுக்கமோ பேச்சுக் குழறலோ வந்தா இத யோசிக்காம விடக் கூடாது.

பிபி அதிகமானா புட்டாமென்லதான் ரத்தம் கசியும்னு சொல்றாங்களே, ஏன்?

மிடில் செரிப்ரல் தமனியில இருந்து செங்குத்தா கிளம்பற லென்டிகுலோஸ்ட்ரையேட் தமனிங்கதான் இங்க ரத்தம் கொண்டு வருது. மெல்லிசு, பெரிய குழாய்ல இருந்து நேரா பிரியறதால அழுத்தம் அப்படியே தாக்கும். பிபியால வர்ற மூளை ரத்தக்கசிவுல புட்டாமென் பக்கம்தான் ரொம்ப சகஜம். பக்கத்துலயே இன்டர்னல் கேப்சூல் இருக்கறதால எதிர்ப்பக்க கை கால் விழுந்துடும், அது ஸ்ட்ரையேட்டத்தால மட்டும் வந்தது இல்ல.

பறவை மூளை முழுக்க ஸ்ட்ரையேட்டம்னு பழைய புக்குல இருக்கே?

பழைய புக்கு தப்பு. பறவையோட முன்மூளையில பெரும்பகுதி பாலூட்டிகளோட கார்டெக்ஸுக்கு இணையான பேலியம், 2004ல பேரையெல்லாம் மாத்திட்டாங்க. நிஜமான ஸ்ட்ரையேட்டமும் பறவைக்கு உண்டு. லாம்ப்ரேங்கற தாடையில்லாத மீன் வகையிலயே டைரக்ட், இன்டைரக்ட் பாதை இருக்கு, அந்த அடிப்படை அமைப்பு அவ்வளவு பழசு.

காடேட்டோட தலையும் வாலும் ஒரே வேலையா செய்யுது?

இல்ல. ஹிகோசாகா குழு 2013ல குரங்குல பார்த்தது: இப்ப எந்தப் பொருளுக்கு ஜூஸ் கிடைக்குதுன்னு நிமிஷத்துக்கு நிமிஷம் மாறுற மதிப்ப தலைப் பகுதி பிடிக்குது, பல நாள் பழகி நிலைச்சுப் போன மதிப்ப வால் பகுதி வச்சிருக்கு. தலைய மருந்தால முடக்கினா புதுசா மாறுறத குரங்கு தவறவிடும், பழைய நல்ல பொருள் மேல கண் தானா போறது கெடாது. வால முடக்கினா அதுக்கு எதிர்மாறு. வாலுக்கு காட்சி சம்பந்தப்பட்ட டெம்போரல் கார்டெக்ஸ்ல இருந்துதான் இழை வருது, அது டெம்போரல் லோபுக்குள்ள வளைஞ்சு கிடக்கறத மேல சொன்னேன்.

சுண்டெலியில ஸ்ட்ரையேட்டத்தோட பின்முனைய வால்னு சொல்றாங்க, அங்க வர்ற டோபமின் இழைங்க பரிசுக்கு அவ்வளவா அசையாது, புதுப் பொருள், திடீர் சத்தம், பயமுறுத்தற விஷயத்துக்குத்தான் அசையுது. டோபமின்னாலே பரிசுன்னு படிச்சிட்டு வர்றவங்க இந்தப் பின்முனையயும் சேர்த்துப் படிங்க.